உங்கள் நிழல் குள்ளமா?

நாளைக்கு ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். வெளியே போகும்போது ஒரு நிமிஷம் வெயிலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்களைவிட உயரமா, குள்ளமா? உயரம் என்றால் பாட்டுக்கு நடந்து போங்கள். குள்ளம் என்றால் குடையைத் தேடுங்கள். வெயிலிலிருந்து தோலைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரிந்து கிடையாது. பைசா செலவில்லை, அதனால் இதற்கு யாரும் டி.வி.யில் விளம்பரமும் தர மாட்டார்கள்.

விஷயம் ரொம்ப சுலபம். காலையிலும் சாயங்காலமும் சூரியன் சாய்வாக இருக்கிறது. அதன் ஒளி நம்மிடம் வந்து சேர காற்று மண்டலத்துக்குள் ரொம்ப தூரம் பயணம் செய்தாக வேண்டும். வருகிற வழியில் ஓசோன், அல்ட்ரா வயலட் எனப்படும் புற ஊதாக் கதிர்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உச்சிக்கு வந்துவிட்டால் சூரியனுக்குக் குறுக்கு வழி. பிடிப்பதற்கு ஓசோனுக்கு அவகாசம் குறைவு. உங்கள் நிழலும் நீங்களும் ஒரே உயரமாக இருக்கும் நேரத்தில் சூரியன் 45 டிகிரியில் இருக்கிறது. அதற்கு மேலே ஏறினால் ஜாக்கிரதை, அவ்வளவுதான்.

எங்கள் வேப்பம்பட்டில் வருஷத்துக்கு இரண்டு நாள் இந்தப் பரீட்சையே செல்லாது. ஏனென்றால் நிழலே இருக்காது. சென்னையைப் போலவே இந்த ஊரும் ஏறக்குறைய 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் 24 வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு தடவை, மத்தியானம் 12 மணி தாண்டிச் சில நிமிஷங்களில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். மொட்டை மாடியில் ஒரு சொம்பை வைத்துப் பார்த்தால் அதன் நிழல் அதன் காலடியிலேயே ஒளிந்துகொண்டிருக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஏப்ரலில் நாம் உஷாராகத்தான் இருக்கிறோம். மோர், தர்பூசணி, தொப்பி எல்லாம் ரெடி. ஆகஸ்ட் 18 எப்படிப்பட்ட நாள்? ஆடி போய் ஆவணி பிறந்த மறுநாள். காற்று கொஞ்சம் அடிக்கும், சாயங்காலம் ஒரு மழைகூட வரலாம். ‘வெயில் தணிஞ்சு போச்சு’ என்று வெறுந்தலையோடு கிளம்பிவிடுவோம். சூரியன் என்னவோ ஏப்ரலில் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறது. சூட்டையும் வெயிலையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால் வருகிற வினை இது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது காற்றின் சூடு. தோலைக் கெடுக்கிற புற ஊதாக் கதிருக்குச் சூடும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. மேலே பட்டாலும் தெரியாது. ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இரண்டு நாள் சுற்றிவிட்டு, மூக்கு நுனி தோலுரிந்து திரும்பி வந்தவர்களுக்கு இது புரியும். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவிகிதம் கூடுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கதிர்களில் நம்மிடம் வந்து சேர்வது இரண்டு ஜாதி. ‘பி’ என்பது தோலின் மேல் அடுக்கைச் சுடுகிறது, சிவக்க வைக்கிறது. கண்ணாடியைத் தாண்டி வராது. ‘ஏ’ என்பது அமுக்கமான பேர்வழி. எரிக்காது, சிவக்க வைக்காது. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி, தோலின் ஆழம் வரைக்கும் போய், தோலை விறைப்பாக வைத்திருக்கும் நார்களை வருஷக்கணக்கில் தளர்த்திக்கொண்டே இருக்கும். காலையில் முளைத்தால் சாயங்காலம் வரைக்கும் அதிக ஏற்றத்தாழ்வு இல்லாமல் வேலை பார்க்கும்.

நம் திருவள்ளூர் லைன் பயணிகளுக்கு ஜன்னல் விஷயம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடையில் சூரியன் கிழக்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி உதிக்கிறதா, அதனால் காலையில் சென்னை போகும் ரயிலில் இடது பக்க ஜன்னலில் வெயில். சாயங்காலம் திரும்பும்போது வலது பக்கம். மார்கழியில் அப்படியே தலைகீழ். சீசன் டிக்கெட்காரர்கள் ஏறும்போதே எந்தப் பக்கம் உட்காருவது என்று கால்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் காரிலும் வேனிலும் போகிறவர்கள், ‘அதான் கண்ணாடியை ஏத்தியாச்சே’ என்று நிம்மதியாக இருக்கிறார்கள். 2012-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு போட்டோ வந்தது. 69 வயதுக்காரர், 28 வருஷம் டெலிவரி லாரி ஓட்டியவர். அங்கே டிரைவருக்கு இடது பக்கம் ஜன்னல். அவர் முகத்தின் வலது பாதி 69 வயதுக்குரிய முகமாக இருந்தது. இடது பாதி, உழுது போட்ட நிலம் மாதிரி வரி வரியாக, அப்பா முகத்தை ஒட்ட வைத்தது போலிருந்தது. நம் ஊரில் டிரைவருக்கு வலது பக்கம் ஜன்னல். பல வருஷம் ஓட்டிய கால் டாக்ஸிக்காரர் யாராவது பழக்கமானவர் என்றால், அவருடைய இரண்டு முழங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வெயிலில் போனால் ஏன் கறுக்கிறோம்?

நம் வீடுகளில் ‘வெயில்ல சுத்தாதே, கறுத்துடுவே’ என்பார்கள். அதுவும் பெண் பிள்ளைகளிடம் மட்டும். என்னவோ கறுப்பதுதான் வெயில் செய்யும் கெடுதல் என்பது போல! உண்மையில் வெயில் செய்யும் கெடுதலைத் தடுக்க உடம்பு எடுக்கும் நடவடிக்கைதான் கறுப்பு. தோலில் மெலனோசைட் என்று சில செல்கள் உண்டு. சுவீடன்காரருக்கும் வேப்பம்பட்டுக்காரருக்கும் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். உற்பத்தி செய்யும் மெலனினில்தான் வித்தியாசம். வெயில் பட்டதும் இவை மெலனினைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அக்கம்பக்கத்து செல்களுக்கு அனுப்புகின்றன. பொட்டலங்கள் உள்ளே போய் என்ன செய்யும் தெரியுமா? செல்லின் உட்கருவுக்கு மேலே, சரியாகச் சூரியனைப் பார்த்த பக்கமாக, ஒரு தொப்பி மாதிரி கவிழ்ந்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வுக்குக் குடை! வெறுங்கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குடைகளை விரித்துக்கொண்டுதான் நாம் ரோட்டில் நடக்கிறோம்.

1979-ல் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் தோலையும் வெள்ளையர் தோலையும் எடுத்து அளந்து பார்த்தார்கள். எஸ்.பி.எஃப். கணக்கில் சொன்னால் கறுத்த தோலின் மேலடுக்குக்கு 13-க்குக் கொஞ்சம் மேலே. வெள்ளைத் தோலுக்கு மூன்றரைகூட இல்லை. நினா ஜப்லான்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞரும் அவருடைய கணவர் ஜார்ஜ் சாப்ளினும் 2000-ல் இன்னொரு விளக்கம் தந்தார்கள். புற ஊதாக் கதிர் ரத்தத்தில் இருக்கும் ஃபோலேட்டைச் சிதைக்கிறது. கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக உருவாக அது அவசியம். ஆகவே வெயில் கொளுத்தும் நாடுகளில் கறுத்த தோல் உள்ளவர்கள் நல்ல பிள்ளைகளைப் பெற்றுத் தழைத்தார்கள் என்கிறார்கள். நம் பாட்டிக்குப் பாட்டி கறுப்பாக இருந்ததால்தான் நீங்களும் நானும் இங்கே இருக்கிறோம். கல்யாண விளம்பரங்களில் இதை யாரும் போடுவதில்லை.

அதனால்தான் ஆஸ்திரேலியாவைப் பயமுறுத்தும் தோல் புற்றுநோய் நம் பக்கம் அபூர்வம். அங்கே 1981-லிருந்து சட்டை போடு, க்ரீம் பூசு, தொப்பி வை என்று பாட்டே போட்டுப் பிரசாரம் செய்கிறார்கள். அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்னை. நமக்கு வந்தால் உள்ளங்கால், நகத்துக்கு அடியில் என்று வெயில் படாத இடத்திலும் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்துக்கு அடியில் வந்தது அந்த வகைதான். 1981-ல் இறந்து போனார். உள்ளங்காலில் புதுசாக ஒரு கறுப்புப் புள்ளி வந்து பெரிசாகிக்கொண்டே போனால் ஆணி என்று நினைத்து பிளேடால் சுரண்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வெண்புள்ளி உள்ளவர்களுக்கும், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கும் இந்த இயற்கைக் குடை இல்லை. அவர்களுக்கு சன்ஸ்க்ரீன் மருந்து. மேக்கப் சாமான் இல்லை.

மற்றவர்களுக்கு வெயிலால் ஒன்றுமே வராதா? வரும். கன்னத்திலும் நெற்றியிலும் மங்கு. முன்கையில் பொடிப் பொடியாக அரிக்கும் சூரிய அலர்ஜி. வயசுக்கு முந்தின சுருக்கம். பருவுக்கும் ஜுரத்துக்கும் தருகிற டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் போனால் தோல் சட்டென்று வெந்துபோகும். எலுமிச்சம் பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவதும் அதே கதிதான். எலுமிச்சை வகைத் தோலில் இருக்கும் ஒரு ரசாயனம் வெயில் பட்டதும் கொப்புளம் போட்டுக் கறுப்பாகத் தழும்பு வைத்துவிடும். ‘நேச்சுரல்தானே’ என்று பூசிக்கொள்பவர்கள் ராத்திரியில் பூசிக் கழுவிவிட்டாவது படுங்கள்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. எனக்கு வெயிலைவிடப் பயம் வெயிலுக்குப் பயந்து செய்கிற காரியங்களில்தான்.

சொந்தக்காரப் பெண் ஒருத்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, தினமும் ஸ்கூட்டி. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு விசேஷத்தில் பார்த்தபோது முகம் தக்காளி மாதிரி இருந்தது.

“என்ன பாப்பா, மூஞ்சி இப்படி செவந்திருக்கு?”

“வெயில் மாமா. கொஞ்ச நேரம் வெளியே நின்னாலே எரியுது. ஒரு க்ரீம் போடறேன். போட்டா நல்லா இருக்கு. ரெண்டு நாள் விட்டா திரும்ப வந்துடுது.”

“யாரு குடுத்தா?”

“மெடிக்கல்லதான். ஆபீஸ்ல எல்லாரும் அதான் போடறாங்க.”

ட்யூபை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தேன். ஸ்டீராய்டு. ஆறேழு மாசமாக தினமும் ராத்திரி பூசிக்கொண்டிருக்கிறாள். முதல் இரண்டு வாரம் அற்புதமாக இருக்கும்; முகம் பளிச்சென்று வெளுக்கும். அங்கேதான் கண்ணி. அப்புறம் தோல் மெலிந்து காகிதம் மாதிரியாகும். ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். பருக்கள், மெல்லிய முடி. வெயிலைக் கண்டாலே எரியும். நிறுத்தினால் பழி வாங்குகிற மாதிரி எல்லாம் இரண்டு பங்காகத் திரும்பும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். வெயிலிலிருந்து காப்பாற்ற வந்த க்ரீம், வெயிலே ஆகாத முகமாக்கிவிடுகிறது! இந்தியத் தோல் டாக்டர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. ‘அந்த முகத்துக்குப் போடற க்ரீம் ஒண்ணு குடுங்க’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், எடுத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண் தோல் டாக்டரிடம் போய்ப் படிப்படியாக அதை விட்டு மீள்வதற்குப் பல மாசம் பிடித்தது. கல்யாண ஆல்பத்தில் அவள் முகத்தில் அரை இஞ்ச் மேக்கப். ஏன் என்று அவளுக்கும் எனக்கும் தெரியும்.

இதற்கெல்லாம் ஆரம்பம் 1975. அந்த வருஷம்தான் இந்துஸ்தான் லீவர் கம்பெனி ஃபேர் அண்ட் லவ்லியை அறிமுகப்படுத்தியது. 45 வருஷம் கழித்து, 2020-ல் ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. ட்யூபில் பெயர் மாற்றிவிட்டார்கள். மாமியார்கள் மனசில் மாற்ற இன்னும் ஒரு 45 வருஷம் ஆகலாம்.

சரி, சன்ஸ்க்ரீன் போடலாமா? வெளியே அலைகிற வேலை, முகத்தில் மங்கு, அலர்ஜி என்றால் போடுங்கள். ஆனால் நாம் போடுகிற அழகுக்கு அது வேலை செய்யாது. எஸ்.பி.எஃப். 15 என்றால் ‘பி’ கதிரில் 93 சதவிகிதத்தைத் தடுக்கும். 30 என்றால் 97. 50 என்றால் 98. அதனால் 30-க்கு மேலே எண்ணுக்காகக் காசு கொட்ட வேண்டியதில்லை. ‘ஏ’ கதிருக்கு ‘பி.ஏ.’ என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும், மூன்றாவது இருக்கட்டும். இந்த எண்ணெல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. அதாவது ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும். நாமோ சாமி விபூதி மாதிரி ஒரு சிட்டிகை. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வியர்த்தால் அதற்கு முன்னாலேயே திரும்பப் பூச வேண்டும். முறையாகப் பூசினால் 50 கிராம் ட்யூப் மாசக் கடைசி வரைக்கும் வராது. உங்கள் வீட்டு ட்யூப் ஆறு மாசமாக இருக்கிறது என்றால் நீங்கள் அதைப் பூசவில்லை, வாசனை பார்க்கிறீர்கள்.

மங்கு உள்ளவர்களுக்கு ஒரு தகவல். கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே நம் மாதிரித் தோலைக் கறுக்க வைக்கும் என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். வெள்ளையாக, பூசினால் தெரியாமல் போகிற க்ரீம்கள் இதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் க்ரீம்தான் தடுக்கும். டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் துணி, குடை. நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர்த்தியான நிறமுள்ள துணி, வெளுத்துப் போன மெல்லிய வெள்ளைத் துணியைவிட நன்றாகத் தடுக்கும். 2013-ல் குடைகளை வெயிலில் விரித்து அளந்து பார்த்ததில் சாதாரணக் குடையே 77 சதவிகிதத்துக்குக் குறையாமல் தடுத்தது; கறுப்புக் குடை 90-க்கு மேலே. அந்தக் காலத்து வாத்தியார் கறுப்புக் குடையை மழைக்கு மட்டுமா வைத்திருந்தார்? இன்றைக்கு வெயிலில் குடை பிடித்துக்கொண்டு போகிற ஆம்பளையைப் பாருங்கள் பார்க்கலாம். சொட்டை மண்டை பளபளக்க வேகுவோமே தவிர பிடிக்க மாட்டோம். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றி, முழங்கை வரை உறை போட்டு, கண் மட்டும் தெரிய ஸ்கூட்டியில் போகும் பெண்களைப் பார்த்து கேலி செய்வதோடு சரி. நிறம் பற்றிய பயத்தில் அவர்கள் அதைச் செய்திருக்கலாம். என்றாலும் செய்வது சரிதான்.

‘வெயிலே படலைன்னா வைட்டமின் டி?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காலை இளவெயிலில் அரை மணி நேரம் நின்றால் போதும் என்று பூங்காவில் எல்லாரும் சொல்கிறார்கள். உடம்புக்கும் மனசுக்கும் நல்லதுதான், ஆனால் வைட்டமின் டி அவ்வளவாகக் கிடைக்காது. அதைத் தயாரிப்பது ‘பி’ கதிர். நிழல் நீளமாக இருக்கும் நேரத்தில் அது நம்மிடம் வருவது ரொம்பக் குறைவு. நம் பக்கத்துத் திருப்பதியிலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி 11 மணியிலிருந்து 2 மணி வரைக்கும்தான் அதிக உற்பத்தி. கெடுப்பதும் கொடுப்பதும் ஒரே கதிர். கையிலும் காலிலும் கொஞ்ச நேரம் படட்டும். முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். முழு நாளும் ஏ.சி.யில் இருப்பவர்கள் ரத்தத்தில் அளவு பார்த்துவிட்டு டாக்டர் சொன்னால் மாத்திரை சாப்பிடலாம். கறுத்த தோலுக்கு இதில் மட்டும் கொஞ்சம் நஷ்டம். அதே அளவு தயாரிக்க அதிக நேரம் எடுக்கும்.

நான் இதுவரைக்கும் சொன்னது எல்லாம் வெயிலில் போகலாமா, வேண்டாமா என்று தீர்மானிக்கிற வசதி உள்ளவர்களுக்கு. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அறுத்த கல் காய வேண்டுமே, வெயில் எங்கே நன்றாக அடிக்குமோ அங்கேதான் வேலை. நிழல் விழுந்தால் தொழில் கெட்டுப் போகும். ரோடு போடுகிறவர்கள், சென்ட்ரிங் போடுகிறவர்கள், சோறு டெலிவரி செய்யும் பையன்கள் எல்லாருக்கும் இதே கதைதான். இவர்களுக்குத் தோலோடு போவதில்லை. கண்ணில் சதை வளருகிறது, புரை சீக்கிரம் விழுகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் சுருண்டு விழுந்து செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல காரியம். ஆனால் முப்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெந்த கன்னத்துக்கும் கண்ணுக்கும் எந்தக் கணக்கிலும் இடமில்லை.

அவர்களுக்கு க்ரீம் சிபாரிசு செய்தால் அடிக்க வருவார்கள். நிழல் வேண்டும். வேப்பம்பட்டு என்ற பெயரில் மரம் இருக்கிறது. வேம்பு சமர்த்தான மரம். மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு, சூரியன் தலைக்கு மேலே வரப்போகிறது என்று தெரிந்த மாதிரி சித்திரைக்குள் புதுத் தழையும் பூவுமாகத் தயாராகிவிடும். வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் ‘நகர்’ ஆனதில் நிறைய மரங்கள் போய்விட்டன. 600 சதுர அடியில் வீட்டைக் கட்டுவார்களா, மரத்தை வைப்பார்களா? கட்டிய வீட்டுக்குத் திண்ணையும் கிடையாது. தெருவில் நடக்கிறவன் ஒதுங்க ஓர் இடம் இல்லை.

எங்கள் தெருவுக்குக் காலையில் ஓர் ஆயா கீரை கொண்டு வருவார். விற்றது போக மிச்சத்தை மெயின் ரோட்டு ஓரத்தில் கோணியை விரித்துப் பரப்பிக்கொண்டு பன்னிரண்டு, ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அந்த இடத்தில் இருந்த மரம் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. இரண்டு கன்னத்திலும் கருநீலமாக மங்கு படர்ந்திருக்கும். வலது கண்ணில் சதை. போன ஏப்ரலில் ஒரு நாள் உச்சி வெயிலில் அந்தப் பக்கம் போனேன். கம்பி ஒன்று உடைந்த ஒரு கறுப்புக் குடை புதுசாக வந்திருந்தது. கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார். குடைக்கு அடியில் அரைக்கீரை, முளைக்கீரை, இரண்டு கட்டு மணத்தக்காளி. ஆயா குடைக்கு வெளியே, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா ஆயா, கொடைய நீ புடிச்சிக்கக் கூடாதா?” என்றேன்.

கீரை மேலே கொஞ்சம் தண்ணியைத் தெளித்துவிட்டு ஆயா சொன்னார்: “நான் வாடுனா வூட்டாண்ட போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சிக்குவேன் நைனா. கீர வாடுனா எவன் வாங்குவான்?”